கேப்டன் வீட்டுப் பொங்கியண்ணன்

பல் விளக்கிய கையோடு பொங்கியண்ணன் ஒரு எலுமிச்சங்காய் அளவு புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு மெடல் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். வெண்கல நட்சத்திரம் ஒன்று, வெள்ளைக்கார ராசாவின் தலை போட்ட வட்டம் ஒன்று, ஆக இரண்டே மெடல்தான். ஆனால் அவர் தேய்க்கிற நேரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பாத்திரம் முழுவதையும் விளக்கிக் கவிழ்த்துவிடலாம். நாலு வருசத் தேய்ப்பில் ராசாவுக்கு மூக்குப் போய்விட்டது. உள்ளேயிருந்து ரங்காத்தாளின் குரல் வரும்: "ஏனுங்க, ரசத்துக்குக் கொஞ்சம் புளி மிச்சம் வைப்பீங்களா, இல்ல இன்னைக்கும் அத்தனையும் உங்க பெரியப்பனுக்கேதானுங்களா?"

அத்தனையும் பெரியப்பனுக்குத்தான். அதில் பொங்கியண்ணன் விட்டுக்கொடுப்பதில்லை.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. எண்பத்து நாலில் மூன்று நிட்டிங் மிஷினை வைத்து ஆரம்பித்தபோது அதற்குப் பெயர் 'ரங்கா நிட்டிங்'. பெண்டாட்டி வந்த ராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தொண்ணூறில், தோட்டத்தில் இருந்த பழைய குடிசையை, சாளையை, இடித்து குடோன் கட்டும்போது, பரண்மேல் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதில் இந்த மெடல்களும் ஒரு போட்டோவும் இருந்தன. அடுத்த வாரமே ரங்காத்தாள் போர்டிலிருந்து இறங்கினாள், 'கேப்டன் நிட்டிங்' ஏறியது. பக்கத்தில் ஒரு நங்கூரமும் வரையச் சொன்னார். பெயிண்டரும் நங்கூரத்தைப் பார்த்ததில்லை, சொன்னவரும் பார்த்ததில்லை. வந்து விழுந்தது ஏர்க்கலப்பை மாதிரி இருந்ததால், அந்த வழியாகப் போகிற விவசாயிகள் சிலர் இது உர ஆபீசா என்று விசாரித்துவிட்டுப் போவதுண்டு.

போட்டோவில் இருப்பவர் மாரப்பன். பொங்கியண்ணனின் அப்பாவுக்கு மூத்தவர். பதினேழு பதினெட்டு வயதில் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு ஓடியவர் உலகச் சண்டைக்காலம் பூராவும் கப்பலில் இருந்தார். நாற்பத்தொன்பதில் திரும்பி வந்து, கல்யாணம் காட்சி இல்லாமல், அந்தச் சாளையிலேயே பத்துப் பன்னிரண்டு வருசம் இருந்து செத்தும் போனார். போட்டோவில் அவர் தலையில் ஜரிகை வைத்த தொப்பி, உடம்பில் இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டு. "தொப்பியைப் பாருங்க. கேப்டன் இல்லாத இன்னொருத்தன் தலையில இந்தத் தொப்பி ஏறுமுங்களா?" என்பார் பொங்கியண்ணன். கேட்டவர்கள் ஏறாது என்பார்கள். அவரிடம் வேலை பார்க்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

போட்டோவைத் தவிர அவரிடம் இருந்த சாட்சி அவருடைய சின்ன வயசு ஞாபகம்தான். பெரியப்பா சாளைத் தரையையும் மாட்டுக் கட்டுத்தறியையும் தினம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவார், சோறு போட்டுத் தின்னலாம் போலிருக்கும். "கப்பல் டிசிப்ளினுங்க!" ஊர் விருந்து எதிலும் அவர் பந்தியில் உட்கார்ந்ததில்லை. "ஆபீசருங்க தனியாத்தான் சாப்புடுவாங்க. அவங்களுக்கு மெஸ்ஸே வேற." அம்மா தெய்வாத்தாள் கம்மங்கூழ் கொடுத்தனுப்பும்போது, "பெரியப்பன் வட்டலைத் தொட்டுப்போடாத கண்ணு, தூக்கி ஊத்து" என்று சொல்லி அனுப்புவாள். பையன் பொங்கியண்ணனும் எட்டி நின்று, குனியாமல், உயரத்திலிருந்து ஊற்றிவிட்டு ஓடி வருவான். "கேப்டன்னா கிட்டக்கப் போக முடியுமுங்களா? ஒரு மரியாதை இருக்குதில்ல!" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும்.

பெரியப்பாவின் கப்பல் சரித்திரத்தைத் தேடி அவர் போகாத துறைமுகம் இல்லை. கொச்சிக்குப் போனார், கேட்டில் நின்ற காவல்காரன் உள்ளே விடவில்லை. மதராசில் உள்ளே விட்டார்கள், ஆனால் மீனுக்கு ஐஸ் பெட்டி ஏற்றுகிற இடத்தில் விட்டுவிட்டார்கள். பம்பாயில் ஒரு ஆபீசில் கேப்டன்கள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு அப்படி ஒரு பெயர் இல்லை என்றார்கள். மாலுமிகள் பக்கம் பார்க்கலாம், அவருடைய மாலுமி நம்பர் இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டார்கள். "என்ற பெரியப்பன் நம்பரு போட்ட ஆளு இல்லீங்க, கேப்டனுங்க" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். ஊருக்கு வந்ததும், வெள்ளைக்காரன் நம்மாள் பெயரை மறைத்துவிட்டான் என்று அறிவித்தார். இத்தனைக்கும் கடலுக்கும் அவருக்கும் இருந்த உறவு, ஊட்டி ஏரியில் குடும்பத்தோடு போட்டில் ஏறி, கரையை விட்டு நகர்ந்ததும் வாந்தி எடுத்ததோடு சரி.

"ஊருக்கு ஷிப்மெண்ட்டுனா என்னன்னு தெரியறதுக்கு முந்தியே என்ற பெரியப்பன் ஷிப்புல இருந்தாருங்க" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். சரக்கு வாங்குகிற பையர்கள் வந்தால் சாம்பிள் காட்டுவதற்கு முன்னால் மெடலைக் காட்டுவார். ஒரு தடவை ஜெர்மனியிலிருந்து ஒரு பையர் வந்திருந்தார். பெரியப்பா ஹிட்லரின் நீர்மூழ்கிகளை எப்படியெல்லாம் மூழ்கடித்தார் என்று பொங்கியண்ணன் எழுந்து நின்று நடித்தே காட்டினார். கூட வந்த ஏஜென்ட், மொழிபெயர்க்க மாட்டேன் என்று எவ்வளவோ கெஞ்சினான். "நீ சொல்லப்பா, சந்தோசப்படுவாரு" என்றார். பையர் டீயைக் கீழே வைத்தார். அந்த ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போனது.

கம்பெனியில் இரண்டு கக்கூஸ் உண்டு. ஒன்றின் சாவி அவர் அரைஞாணிலேயே தொங்கும். மற்றது அறுபது பேருக்குப் பொது. அதைக் கழுவ வருகிற ஆள் ஒரு நாள் வராவிட்டால் பொங்கியண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆபீசைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

இப்படி இருந்தவருக்குத் தொண்ணூற்று நாலில் யோகம் அடித்தது. கொமரலிங்கத்துப் பக்கம், அமராவதிக் கரையில் இருக்கிற குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அதையொட்டி குல வரலாறு ஒன்று புத்தகமாக வருகிறது, குடும்பத்துக்கு ஒரு பக்கம். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கும்பாபிஷேகத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தன் பெருமைக்குரிய பொருள் ஒன்றை அம்மனின் தட்டில் வைத்து, தீபாராதனை காட்டி எடுத்துக்கொள்ளும். சிலர் பாட்டன் காலத்து வாளை வைப்பார்கள், சிலர் செப்புப் பட்டயத்தை வைப்பார்கள். வைக்க ஒன்றும் இல்லாதவர்கள் தேங்காயை வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வார்கள். முதலில் எந்தக் குடும்பத்தைக் கூப்பிடுகிறார்களோ அதற்குத்தான் பரிவட்டம்.

மூன்று தலைமுறையாகத் தேங்காய் வைத்த குடும்பம் பொங்கியண்ணனுடையது. பரிவட்டம் கட்டிக்கொண்டு வந்தது பங்காளி தங்கவேலு வீடு. சாயப்பட்டறை வைத்திருக்கிற தங்கவேலுவின் தாத்தா சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர். "கள்ளு எறக்குனதுக்குப் போனவருங்க. கூட்டத்தோட கூட்டமாத் தியாகி ஆயிட்டாரு" என்று பொங்கியண்ணன் சொல்லாத நாளில்லை. இந்தத் தடவை அவர் கமிட்டியில் மெடல்களைத் தூக்கிப் போட்டார். ஊர் சிறைக்குப் போனவன் பெரியவனா, உலகச் சண்டைக்குக் கப்பல் ஓட்டினவன் பெரியவனா என்று கேட்டார். கமிட்டிக்காரர்கள் தொப்பியைப் பார்த்தார்கள். முதல் மரியாதை கேப்டன் குடும்பத்துக்கு என்று முடிவானது. புத்தகத்தில் பக்கமும் அச்சாகிவிட்டது.

கும்பாபிஷேகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மிக்கேல் வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடிக்காரர். மகள் கேப்டன் நிட்டிங்கில் செக்கிங் டேபிளில் பீஸ் பார்க்கிறாள், குடியிருப்பு பக்கத்து ஊர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில். எழுபதை எட்டிக்கொண்டிருந்த மனிதருக்குக் குரல் மட்டும் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது. உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காப்பியில் சர்க்கரை தூக்கலாக வேண்டும் என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, "மொதலாளி, கப்பல் மெடலு இருக்காமே, மக சொன்னா. பாக்கலாமா?" என்றார்.

போட்டோவைக் கையில் வாங்கியவர், "யாத்தே! நம்ம மாரப்பண்ணன்லா!" என்று கத்தினார்.

பொங்கியண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ரங்கா, பலகாரம் கொண்டா! கேப்டனோட கப்பல்ல இருந்தவரு வந்திருக்காரு!"

"கேப்டனா? எந்தக் கேப்டன?"

"என்ற பெரியப்பனைத்தானுங்க சொல்றேன். தொப்பியைப் பாருங்க."

மிக்கேல் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதிலிருந்து இன்னொரு போட்டோவை உருவி மேசைமேல் வைத்தார். மீசை முளைக்காத மிக்கேல். அதே தொப்பி, அதே கோட்டு. கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லாததும் அதேபோல்தான் இருந்தது.

"கல்கத்தாவுல டாக் கேட்டுக்கு எதுத்தாப்புல ஒரு போட்டோக்கடை, மொதலாளி. தொப்பியும் கோட்டும் கடைக்காரனோடது. ஊருக்குப் படம் அனுப்புதவன் எல்லாவனும் அதைப் போட்டுக்கிட்டுத்தான் நிப்பான். சோறு பொங்குதவனும் கேப்டன், கரி அள்ளுதவனும் கேப்டன்."

பொங்கியண்ணன் இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, பையரிடம் விலை பேசுகிறவர் படிப்படியாக இறங்குவது போல இறங்க ஆரம்பித்தார். "செரி, கேப்டன் வேண்டாமுங்க. அதுக்கு அடுத்த பதவி ஒண்ணு இருக்குமில்ல?"

"அதுக்கெல்லாம் வெள்ளைக்காரன்தான்."

"இஞ்சின் பக்கமுங்களா?"

"அங்க அவரு வரமாட்டாரு."

"சமையலாச்சும்…"

"சமையக்காரன் பண்டாரி. அவன் கோவாக்காரன், செத்தான் பாவம். மாரப்பண்ணன் டோபாஸ்லா!"

பொங்கியண்ணன் முகம் மலர்ந்தது. "டோபாஸுங்களா? பெரிய பதவிங்களா அது?"

"அந்த ஆளு ஒரு நாள் படுத்துட்டா கப்பலே நாறிப்போகும், மொதலாளி. கக்கூஸ் கழுவுதது, வாந்தி அள்ளுதது எல்லாம் அவருதான். ஓடி வந்த பையனுக்கு வேற எந்த வேலையும் கெடைக்கல. மொத நாளு அழுதாராம். பொறவு கழுவுனாரு பாருங்க, அந்த மாதிரிக் கக்கூஸ் எந்தக் கப்பல்லயும் கெடையாது. கரண்டி வெச்சுச் சாப்பிடலாம்!"

பலகாரத் தட்டோடு வந்த ரங்காத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். மிக்கேல் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முறுக்கைக் கடித்தபடி மீதியைச் சொன்னார். டார்பிடோ பட்டுக் கப்பல் போனது. ஒரு படகில் இருபது சொச்சம் பேர். பையன் மிக்கேலுக்கு ரத்தமாகப் பேதி. நாற்றம் தாங்காமல் இவனைத் தூக்கிக் கடலில் போடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்களாம். மாரப்பன் எழுந்து வந்து அவனைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கரை சேருத வரைக்கும் கையாலேயே அள்ளி அள்ளிக் கடத்தண்ணில கழுவி விட்டாரு. எங்க ஆத்தாகூட எனக்கு அத்தனை நாளு செஞ்சிருக்க மாட்டா. அந்த நேரத்துலயும், 'கொஞ்சம் திரும்பிப் படுத்துக்குங்க'ன்னு 'ங்க' போட்டுத்தான் பேசுவாரு. எனக்குப் பதினாறு வயசு, என்னை எவன் 'ங்க' போட்டுக் கூப்பிட்டான்?" மிக்கேல் முறுக்கைத் தட்டிலேயே வைத்தார். மெடல்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கேப்டனுக்கும் இதே நட்சத்திரந்தான் குடுத்தான், டோபாஸுக்கும் இதேதான் குடுத்தான். இதைச் சாமி தட்டுல வைக்கப் போறியளாமே! நானும் வருதேன் மொதலாளி."

"அவ்வளவு தூரமுங்க… பஸ் வசதி சொகமில்லீங்க…" என்று இழுத்தார் பொங்கியண்ணன்.

"கடலையே தாண்டியாச்சு. கொமரலிங்கம் தாண்ட மாட்டனா?"

அவர் போன பிறகு மெடல்கள் மேசைமேலேயே கிடந்தன. பொங்கியண்ணன் வெகுநேரம் அவற்றைப் பார்த்துவிட்டு, கட்டிங் வேஸ்ட் துணி ஒன்றைக் கொண்டுவந்து, அதால் பிடித்து எடுத்து டிராயரில் போட்டார். மறுநாள் காலையில் தேய்க்க உட்காரவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டு ரசம் நல்ல புளிப்பாக இருந்தது.

அம்மா தெய்வாத்தாளிடம் போய்க் கேட்டார். கிழவி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தெரியுங் கண்ணு" என்றாள். "வந்த அன்னைக்கே அவரைப் பெத்த உங்க அப்பாரு கேட்டாரு, கப்பல்ல என்னடா வேலைன்னு. உங்க பெரியப்பனுக்குப் பொய் சொல்ல வராது, சொல்லிப்போட்டாரு. அப்பறம் ஊட்டுக்குள்ள ஏத்தல. சாளைதான், தனி வட்டல்தான்."

"அப்ப நான் தூக்கி ஊத்துனது?"

"அதுக்குத்தான்."

"எங்கிட்ட ஏனாத்தா சொல்லல?"

"நீதான் போர்டே எழுதி மாட்டிப்போட்டயே சாமி."

மனிதர் அன்று சாப்பிடவில்லை. ஆனாலும், பெரியப்பாவுக்காக மனசு கலங்கியது பாதி என்றால் தங்கவேலுவை நினைத்துக் கலங்கியது மீதிப் பாதி. வைக்காவிட்டால் பரிவட்டம் போகும், ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி வரும். வைத்தால் மிக்கேல் இருக்கிறார், அந்தக் குரலும் இருக்கிறது. அதெல்லாம் போக, அம்மன் இருக்கிறாள். கக்கூஸ் கழுவிய கூலியைத் தன் தட்டில் வைத்தால் அவள் சும்மா விடுவாளா? பூசாரியைத் தனியே பிடித்து, ஒரு பொருள் எந்த வேலைக்குக் கிடைத்தது என்று பார்க்காமல் தட்டில் வைத்தால் தெய்வக் குற்றமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். "அதெல்லாம் பாத்தா இந்தக் கோயில்ல பாதிக் காணிக்கை நிக்காதுங்க" என்றார் பூசாரி. அப்படியும் மனசு ஆறாமல், மெடல்களை ஒரு நாள் கோமியத்திலும் ஒரு நாள் மஞ்சள் தண்ணியிலும் ஒரு நாள் பாலிலும் ஊறப்போட்டார். ரங்காத்தாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவரு ஆயுசெல்லாம் அடுத்தவங்க அழுக்கைக் கழுவுனாரு. நீங்க அவரைக் கழுவறீங்களாக்கும்!"

கும்பாபிஷேகத்தன்று அமராவதியில் தண்ணீர் நிறைந்து போனது. குல வரலாற்றுப் புத்தகத்தை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தொப்பிப் படத்தோடு பதின்மூன்றாம் பக்கம் எல்லோர் கையிலும் விரிந்திருந்தது. மிக்கேல் சொன்னபடியே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டு, அதில் தன்னுடைய மெடலைக் குத்தி, மகளோடு கொடிமரத்துப் பக்கம் நின்றார். வழியில் யாரிடம் என்ன பேசினாரோ தெரியாது. பொங்கியண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கேப்டன் மாரப்ப கவுண்டர் குடும்பம்! முன்னால வாங்க!"

பரிவட்டம் கட்டினார்கள். பொங்கியண்ணன் மெடல்களைப் பட்டுத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். துணியோடு தட்டில் வைக்கப் போனபோது பூசாரி தடுத்தார்.

"துணியோட வைக்கப்படாதுங்க. உங்க கையால எடுத்து வையுங்க."

முடிச்சை அவிழ்த்தார், ஆனால் கை போகவில்லை. மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பின்னாலிருந்து தங்கவேலு, "என்ன பங்காளி, கப்பல் நின்னுபோச்சா?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்போதுதான் பொங்கியண்ணன் கொடிமரத்துப் பக்கம் பார்த்தார். மிக்கேல் வாயைத் திறக்கவில்லை. அம்மனை விட்டுவிட்டு அந்தப் பட்டுத் துணியைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பொங்கியண்ணன் வெறுங்கையால் நட்சத்திரத்தை எடுத்து வைத்தார், வட்டத்தையும் எடுத்து வைத்தார். மேளம் முழங்கியது. பூசாரி கற்பூரத்தைக் காட்டினார். கூட்டம் முழுவதும் அம்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. பொங்கியண்ணன் மட்டும் அம்மனை நிமிர்ந்து பார்க்காமல், தட்டுக்கு எதிரே குனிந்து, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, இரண்டு கன்னத்திலும் பளார் பளாரென்று போட்டுக்கொண்டார்.